பொருள் கைமாறிய பிறகு: சிறு ஆன்லைன் வியாபாரிக்கு ஒரு பொறுப்புக் காப்பீடு

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் இந்தியாவுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பிரஷர் குக்கர்களுக்கான கட்டாயத் தரக் கட்டுப்பாடு 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் பிறகும் அந்தத் தரத்துக்கு உட்படாத 2,265 குக்கர்கள் அந்தத் தளம் வழியாக விற்பனையாகியிருந்தன. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், குக்கர்களைத் திரும்பப் பெற வேண்டும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும் என்றது ஆணையம். 598 குக்கர்களுக்காக ஃபிளிப்கார்ட்டுக்கும் அதே மாதம் இதே மாதிரி உத்தரவு போனது. அமேசான் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. குக்கர் விற்பனையில் அதற்குக் கட்டணமாகக் கிடைத்தது 6,14,825 ரூபாய் 41 காசு என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஆணையம், விற்பனையில் பணம் பார்த்தவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்றது.

ஒரு லட்சம் ரூபாய் அந்த நிறுவனங்களுக்கு ஒரு பொருட்டல்ல. வீட்டு மாடியில் இருநூறு சதுர அடியில் சரக்கை அடுக்கி வைத்து, ஒரு லேப்டாப்பும் பார்சல் டேப்புமாகத் தொழில் தொடங்கியவருக்கு அதே தொகை சில மாத வருமானம். அந்தக் குக்கர்களில் ஒன்று வெடித்து யாருக்காவது முகம் வெந்திருந்தால், வழக்கு லட்சங்களில் நின்றிருக்காது. அப்போது அந்தச் சிறு விற்பனையாளரைத் தாங்கிப் பிடிக்க என்ன இருக்கிறது? இன்றைக்கு இந்தியாவில் ஆன்லைனில் கடை விரிப்பவர்களில் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்பவர்கள் மிகக் குறைவு. ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு, கூரியர் ஒப்பந்தம், பேக்கிங் அட்டை எல்லாம் முதல் வாரத்திலேயே தயாராகிவிடும். பொறுப்புக் காப்பீடு என்ற பேச்சு, பெரும்பாலும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் எழுகிறது.

நோட்டீஸ் வரும்போது வியாபாரிக்கு முதலில் கிடைக்கிற அதிர்ச்சி, சட்டம் தன்னை யாராகப் பார்க்கிறது என்பதுதான்.

1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 முதல் செயல்பட்டு வருகிறது. அதன் ஆறாம் அத்தியாயம், 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பைத் தனியாகப் பேசுகிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ சொல்லாமை ஆகிய எதுவும் தயாரிப்பாளரைப் பொறுப்பாளியாக்கப் போதும். இதில் சிறு வியாபாரி கண்ணை விரித்துப் படிக்க வேண்டிய இடம், தயாரிப்பாளர் யார் என்று சட்டம் சொல்லும் விளக்கம். பிறர் செய்த பொருளின் மேல் தன் முத்திரையைப் பதிப்பவரும், பதிக்கச் செய்பவரும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் மொத்த விலைக்கு நூறு பவர் பேங்க் வாங்குகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தன் பிராண்டின் பெயரை லேசரில் பொறித்து, அழகான பெட்டியில் போட்டு, தன் இணையதளத்தில் விற்கிறார். அவரைக் கேட்டால் ‘நான் வாங்கி விற்பவன்’ என்பார். சட்டத்தின் கண்ணில் அந்த லோகோ விழுந்த கணத்தில் அவர் தயாரிப்பாளர். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லை யார் செய்தார், எந்த ஊரில் செய்தார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தலையணைக்கு அடியில் அது தீப்பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

லோகோ போடாமல் விற்றால் தப்பிவிடலாமா என்றால், 86ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. வெறும் விற்பனையாளர் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்று அது பட்டியல் போடுகிறது. பொருளின் வடிவமைப்பு, சோதனை, பேக்கிங், லேபிள் ஆகியவற்றில் அவருக்குக் கணிசமான கட்டுப்பாடு இருந்தால் பொறுப்பு. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை அவராகத் தந்திருந்தால் பொறுப்பு. ‘நூறு சதவீதம் பாதுகாப்பானது, குழந்தைகளுக்கும் ஏற்றது’ என்று பொருள் விளக்கத்தில் ஆர்வக்கோளாறில் எழுதும் ஒரு வரி இங்கே வந்து மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியாவிட்டாலோ, அவர் மீது இங்குள்ள உத்தரவு செல்லாவிட்டாலோ, விற்றவர்தான் பொறுப்பு. சீனாவிலிருந்து வந்த பெயரில்லாப் பொருளை விற்பவர்கள் பலரும் இந்த ஒரே உட்பிரிவில் அடங்கிவிடுவார்கள்.

வழக்கு எங்கே நடக்கும் என்பதும் மாறிவிட்டது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த ஊருக்கோ நுகர்வோர் போக வேண்டியிருந்தது. 2019 சட்டம் அவர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் தர இடம் கொடுத்தது. நுகர்வோர் பக்கம் நின்று பார்த்தால் இது மிக நல்ல மாற்றம். அதை மனதாரப் பாராட்டிக்கொண்டே, ஈரோட்டிலிருந்து நாடெங்கும் போர்வை அனுப்பும் ஒருவருக்கு இதன் பொருள் என்னவென்றும் பார்க்க வேண்டும். குவாஹாட்டியிலோ ஜெய்ப்பூரிலோ தொடுத்த வழக்கில் அவர் ஆஜராக வேண்டும். அங்கே ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் வழக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போகும். கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த விலையை வைத்துத்தான் எல்லை என்பதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆகவே எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு எட்டு லட்சம் இழப்பீடு கேட்டாலும் அது மாவட்ட ஆணைய வழக்குதான். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணமும் கிடையாது.

‘எங்ககிட்ட இன்ஷூரன்ஸ் இருக்கே’ என்று பல சிறு வியாபாரிகள் சொல்வது உண்மைதான். பாலிசியை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அது சரக்குக்கான காப்பீடாக இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தரும் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா, ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளைத் தீ, வெள்ளம், புயல் போன்றவற்றிலிருந்து காக்கிறது. நல்ல திட்டம், எளிய மொழி. ஆனால் அது காப்பது வியாபாரியின் சொத்தை. டிரான்சிட் பாலிசி வழியில் உடையும் பொருளுக்குப் பணம் தரும். கடைக்காரர் பேக்கேஜ் பாலிசியில் பொதுப் பொறுப்பு என்று ஒரு பகுதி இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் நிம்மதி அடைகிறார்கள். கடைக்குள் வந்தவர் வழுக்கி விழுந்தால் அது உதவும். கடையிலிருந்து போன பொருள் வேறொருவர் வீட்டில் தீங்கு செய்தால், பெரும்பாலான பேக்கேஜ்களில் அந்தப் பகுதி வாய் திறக்காது. வாடிக்கையாளர் வாசலுக்கே வராத ஆன்லைன் கடைக்கு எது தேவையில்லையோ அது இருக்கிறது. எது தேவையோ அது இல்லை.

தேவையானது புராடக்ட் லயபிலிட்டி என்று காப்பீட்டு வட்டாரத்தில் சொல்லப்படும் பொருட்பொறுப்புப் பாலிசி. அல்லது பொதுப் பொறுப்பையும் பொருட்பொறுப்பையும் சேர்த்துத் தரும் கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி, சுருக்கமாக சி.ஜி.எல். இந்தப் பாலிசிகளின் முதல் பக்கத்தில் தொகை கண்ணில் படும். ஆபத்து முழுக்க உள்பக்கங்களில் இருக்கிறது.

தொகை இரண்டு எண்களாக வரும். ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தமாக எவ்வளவு. 25 லட்சம், 50 லட்சம் என்று இருந்தால், ஒரு விபத்துக்கு 25 லட்சத்துக்கு மேல் நிறுவனம் தராது; அந்த ஆண்டில் எத்தனை விபத்து நடந்தாலும் 50 லட்சத்தோடு முடிந்தது. வழக்கறிஞர் செலவும் பொதுவாக இதே தொகைக்குள்தான் கழியும். ஒரே குறையால் பல பேருக்குத் தீங்கு நேர்ந்தால் அவை அனைத்தையும் ஒரே விபத்தாகக் கணக்கிடும் வாசகமும் இருக்கும். ஒரே பேட்சில் வந்த சோப்பு நாற்பது பேருக்குத் தோலில் கொப்பளம் கிளப்பினால், அத்தனை பேருக்கும் சேர்த்து 25 லட்சம். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் ஒரு பகுதியை வியாபாரி தன் கையிலிருந்து போட வேண்டும். அதை எக்ஸஸ் என்பார்கள். பிரீமியத்தைக் குறைக்க எக்ஸஸை உயர்த்திக்கொண்டு போனால், சிறு வியாபாரிக்கு வரக்கூடிய கோரிக்கைகளில் பாதி அதற்குள்ளேயே மூழ்கிவிடும்.

இன்னும் பெரிய சிக்கல் காலத்தில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பொருட்பொறுப்புப் பாலிசிகள் பெரும்பாலும் கோரிக்கை எழும் நாளை அடிப்படையாகக் கொண்டவை. பொருள் விற்ற நாளில் பாலிசி இருந்ததா என்பது கேள்வியே இல்லை; இழப்பீட்டுக் கோரிக்கை முதன்முதலாக வந்து சேரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். கூடவே, விபத்து ஒரு குறிப்பிட்ட பின்னோக்கிய தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். முதல் பாலிசி எடுத்த நாளே வழக்கமாக அந்தத் தேதி. இடையில் ஒரு தடவை புதுப்பிக்கத் தவறினால் தேதி புதிதாகத் தொடங்கும். அதுவரை கட்டிய பிரீமியத்தின் பயன் அத்தனையும் கரைந்துபோகும். தொழிலை மூடுகிறவருக்கும் இதே கதி. 2023இல் விற்ற மிக்ஸி 2025இல் ஒருவரின் விரலைச் சேதப்படுத்தி, 2026இல் நோட்டீஸ் வந்தால், நடுவில் கடையை மூடிப் பாலிசியை விட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. தனி உரிமையாளராகத் தொழில் செய்தவர் என்றால் அவருடைய சொந்த வீடும் சேமிப்பும்தான் ஈடு.

விலக்குகளின் பட்டியல் நீளமானது. பொருளைத் திரும்பப் பெறும் செலவு கிடையாது. அபராதம் கிடையாது. தண்டனை நோக்கில் விதிக்கும் இழப்பீடு கிடையாது. பொருள் வேலை செய்யவில்லை என்பதற்கான மாற்றுச் செலவு கிடையாது. குக்கர் வழக்கை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், ஆணையம் விதித்த எந்தச் சுமையையும் வழக்கமான பொருட்பொறுப்புப் பாலிசி ஏற்றிருக்காது. திரும்பப் பெறும் செலவுக்குத் தனிப் பாலிசியே வேண்டும். ஒப்பந்தம் மூலம் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பும் விலக்குதான். பெரிய விற்பனைத் தளங்களில் கணக்குத் தொடங்கும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தும் ஆவணத்தில், தளத்துக்கு வரும் நஷ்டத்தை விற்பனையாளர் ஈடுகட்டுவார் என்ற வாக்குறுதி வழக்கமாக இருக்கும். அந்த வாக்குறுதியைப் பாலிசி தாங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்காதவர்கள், இரண்டு ஆவணங்களுக்கும் நடுவில் விழுகிறார்கள்.

சட்ட விதியை வேண்டுமென்றே கடைப்பிடிக்காததால் எழும் பொறுப்பும் விலக்கில் உண்டு. வீட்டுத் தொழில்கள் சறுக்கும் இடம் இதுதான். இட்லிப் பொடியும் ஊறுகாயும் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெற வேண்டும். குளியல் சோப்பும் முகப்பூச்சும் தயாரித்து விற்க காஸ்மெட்டிக்ஸ் விதிகள் 2020இன் கீழ் உரிமம் வேண்டும். ‘இயற்கையானது, ரசாயனமில்லாதது’ என்ற சொற்கள் உரிமத்துக்கு மாற்றாகா. உரிய பதிவோ உரிமமோ இல்லாமல் பாலிசி எடுப்பவர் பிரீமியம் கட்டுகிறார், அவ்வளவே. உணவைப் பொறுத்தவரை இழப்பீட்டுக்கு ஒரு தனி அளவுகோலும் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, உயிரிழப்பு நேர்ந்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமலும், கடுமையான பாதிப்புக்கு மூன்று லட்சம் வரையிலும் கொடுக்கச் சொல்கிறது. மரணத்துக்கு மேல்வரம்பு ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விதிவிலக்கு கிடைத்தாலும் பொறுப்பு போய்விடாது என்பதற்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை நல்ல உதாரணம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களுக்கும் அதிலிருந்து விலக்கு தந்தார்கள். மிகச் சரியான முடிவு அது. ஆனாலும் பொம்மையின் வண்ணப்பூச்சால் ஒரு குழந்தைக்குப் பாதிப்பு என்று புகார் எழுந்தால், 2019 சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் அந்தக் கைவினைஞரையும் மற்றவர்களைப் போலத்தான் நடத்தும்.

வெளிநாட்டுக்கு விற்கத் தொடங்கும்போது கணக்கே வேறாகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி அமேசான் வழியே வாங்கிய லேப்டாப் மாற்று பேட்டரி வெடித்துக் கடுமையான தீக்காயம் அடைந்தார். விற்ற நிறுவனம் ஹாங்காங்கைச் சேர்ந்தது. வழக்கில் அது முன்னிலையாகவே இல்லை. 2020 ஆகஸ்டில் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், பொருளைத் தன் கிடங்கில் வைத்து அனுப்பி, பணத்தையும் வசூலித்த அமேசான் மீதே பொறுப்பைச் சுமத்தலாம் என்றது. காணாமல் போகும் விற்பனையாளருக்காகத் தளம் அழ வேண்டியிருக்கும் என்பது தெளிவாகிவிட்டது. 2021 செப்டம்பரிலிருந்து, அமெரிக்கத் தளத்தில் ஒரு மாதத்தில் 10,000 டாலருக்கு மேல் விற்பவர் 10 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்து, அதில் அமேசானையும் கூடுதல் பயனாளியாகச் சேர்க்க வேண்டும் என்று அந்நிறுவனம் விதியை இறுக்கியது.

கரூர்த் திரைச்சீலையோ திருப்பூர் பனியனோ இந்த வழியாக அமெரிக்கா போகிறது என்றால், உள்ளூர்ப் பாலிசியைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. இந்தியப் பாலிசிகளில் அமெரிக்காவும் கனடாவும் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே. உலகெங்கும் செல்லும் என்று எழுதியிருந்தாலும், வழக்கு இந்திய நீதிமன்றத்தில் நடந்தால் மட்டுமே என்று அடுத்த வரியில் சுருக்கிவிடுவார்கள். பாலிசி செல்லும் நிலப்பரப்பு ஒன்று, நீதிமன்ற வரம்பு இன்னொன்று. இரண்டிலும் அமெரிக்காவின் பெயர் இருக்க வேண்டும். பிரீமியம் பல மடங்காகும் என்பதால் பலர் இங்கேயே பின்வாங்குகிறார்கள். ஏற்றுமதி விலையைத் தீர்மானிக்கும்போதே இந்தச் செலவையும் சேர்க்காதவர்கள், மற்றவர்களைவிட மலிவாக விற்பதாக நினைத்துத் தம் சொந்த முதலைப் பணயம் வைக்கிறார்கள்.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? தெரிந்த ஏஜென்ட்டிடம் போவதுதான் வழக்கம். தனிநபர் ஏஜென்ட் ஒரே ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில்தான் விற்க முடியும். அவர் நிறுவனத்தின் ஆள். புரோக்கர் என்பவர் சட்டப்படி வாடிக்கையாளரின் பிரதிநிதி. பல நிறுவனங்களில் விலை கேட்டு, வாசகங்களை ஒப்பிட்டு, கோரிக்கை எழும்போதும் கூட நிற்க வேண்டியவர். அவருக்குரிய கமிஷன் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறது. பொறுப்புக் காப்பீட்டைத் தேடுகிறவர் புரோக்கரிடம் போவதே உசிதம். யுனைடெட் இந்தியா, சோழமண்டலம் எம்.எஸ்., ராயல் சுந்தரம் போன்ற நிறுவனங்களின் தலைமையகங்கள் சென்னையிலேயே இருக்கின்றன.

நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தாள்கள் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. என்னென்ன பொருள், ஒவ்வொன்றின் ஆண்டு விற்றுமுதல், யார் தயாரிக்கிறார், சோதனைச் சான்று உண்டா, எந்தெந்த நாட்டுக்கு விற்பனை, பேட்ச் எண்ணை வைத்து வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியுமா, இதற்கு முன் புகார் வந்ததா. கடைசிக் கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுத வேண்டும். புரபோசல் படிவத்தில் மறைத்த ஒன்று பின்னால் பாலிசியையே செல்லாததாக்கும். விற்றுமுதல் சிறியது என்றால் செலவு குறைந்த வழி ஒன்றும் இருக்கிறது. கோவை வெட் கிரைண்டரை வாங்கி விற்பவர், தயாரிப்பாளரிடம் பொருட்பொறுப்புப் பாலிசி இருக்கிறதா என்று கேட்டு, அதில் தன்னை விற்பனையாளராகச் சேர்க்கும் என்டார்ஸ்மென்ட் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். சொந்த லோகோ போட்டு விற்பவருக்கு இது உதவாது.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு குறை நிற்கிறது. சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்துக்காக ஒரு சோப்பு வியாபாரியின் படிவத்தை உட்கார்ந்து ஆராய எந்த நிறுவனத்துக்கும் ஆர்வமில்லை. புரோக்கருக்கும் அதில் கிடைப்பது சொற்பம். தீக்காப்பீட்டில் இதே தடையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் தாண்டிக் காட்டியது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகம், படித்தால் புரியும் மொழி, குறுந்தொழிலுக்கென்று தனி வரம்பு. பொறுப்புக் காப்பீட்டுக்கும் அப்படியொரு பொதுப் பாலிசி வராததற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. சிறு விற்பனையாளரைத் தயாரிப்பாளரின் இடத்தில் நிறுத்தும் சட்டத்தை 2019இலேயே இயற்றிவிட்டு, அந்த இடத்தில் நிற்பதற்கான காப்பீட்டை அவரே தேடிக்கொள்ளட்டும் என்று விடுவது நேர்மையாகாது. அடிபட்ட நுகர்வோருக்கும் அதனால் நஷ்டம்தான்: காப்பீடு இல்லாத வியாபாரியிடம் வென்ற தீர்ப்பு வெறும் காகிதம்.

நோட்டீஸ் வந்துவிட்டால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளரிடம் ‘தப்பு எங்க பேர்லதான், பணம் அனுப்பிடறோம்’ என்று நல்ல மனதோடு எழுதுவதுகூட, நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்பட்டு, கோரிக்கை நிராகரிக்கப்படலாம். நிராகரித்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கும் பலனில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர்களுக்கு மட்டுமானது என்று பலரும் நினைக்கும் அந்தக் கதவு, தனி உரிமையாளர்களுக்கும் குறுந்தொழில்களுக்கும் வழங்கிய பாலிசிகளுக்கும் திறந்திருக்கிறது. கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். சென்னையிலேயே அவருக்கு அலுவலகம் இருக்கிறது.